மஞ்சள் துண்டு இல்லாத கட்டடம்

1. கடித உறைகள்

வேலைநீக்கக் கடிதங்களை என் கையால்தான் கொடுத்தேன். ஒக்டோபர் நடுப்பகுதி, ஒரு செவ்வாய்க்கிழமை. ஜெர்மனியின் வுப்பெர்தால் நகரில் ஒரு தொழிற்பள்ளிக் கட்டடத்தைப் பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை துப்புரவு செய்யும் குழுவுக்கு நான் ஃபோர்ஆர்பைட்டரின். குழுத் தலைவி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவிக்கொத்து என்னிடம், வேலை நேரத் தாள் என்னிடம், திட்டு வாங்குவதும் நான். எனக்குக் கீழே நான்கு பேர், எல்லோரும் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள், எல்லோருக்கும் அரைநேர வேலை.

எங்கள் மேலாள் பிரிங்க்மன் ஐந்து உறைகளைச் சாமான் அறை மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். கட்டடத்தின் ஒப்பந்தம் வேறு கொம்பனிக்குப் போய்விட்டது, மாதம் முடிய எங்கள் வேலையும் முடிகிறது என்று சொன்னார். பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்து வேண்டுமாம். நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

பவளம் அக்கா கடைசியாக வந்தா. உறையை வலது கையால் வாங்கினா, அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தா, மறுபடியும் விழுந்தது. பிரிங்க்மன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உறையை எடுத்து அவவின் கைப்பைக்குள் திணித்துவிட்டு, "அக்காவுக்குக் கை விறைச்சுப் போச்சு, வெளியில குளிர்தானே" என்று ஜெர்மனில் சொன்னேன். சிரிக்கவும் செய்தேன்.

மற்றவர்கள் அன்று வேலை போனதை நினைத்துப் பயந்தார்கள். என் பயம் வேறு. கையெழுத்துக்காக நான் கூப்பிட்டதால் அன்று வந்தாவே தவிர, பவளம் அக்கா மூன்று கிழமையாக வேலைக்கே வரவில்லை. ஆனால் நான் எழுதிய நேரத் தாளில் ஒரு நாள்கூட அவ நிற்காமல் விடவில்லை.

2. நாங்கள் செய்த உதவி

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவருக்கு ஏலாமல் போனால் டொக்டரிடம் போய் மஞ்சள் துண்டு எழுதிக்கொண்டு வரமாட்டோம். நோய் விடுப்புச் சான்றிதழ் அந்தக் காலத்தில் மஞ்சள் நிறம், அதனால் அந்தப் பெயர். மஞ்சள் துண்டுக்குப் பதிலாக மற்றவர்கள் அந்த ஆளின் பகுதியைச் சேர்த்துச் செய்வோம். மாடிப்படியை ஒருவர், வகுப்பறைகளை இன்னொருவர், கழிப்பறையை நான். தாளில் எல்லோரும் வந்ததாக இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் தடிமல் காய்ச்சலுக்கு இதில் ஒரு பிழையுமில்லை என்றுதான் நினைத்தோம். கல்யாண வீட்டில் கூடி நின்று சமைக்கிற ஆட்கள் நாங்கள். ஒருவர் தனியாகச் சுமக்கட்டும் என்று விட எங்களுக்குத் தெரியாது.

பவளம் அக்காவுக்கு ஈஸ்டர் முடிந்த கையோடு வலது கை விரல்கள் விறைக்கத் தொடங்கின. முதலில் உதறினால் போய்விடும். கோடை விடுமுறையில் கட்டடத்தை முழுதாகக் கழுவி மெழுகு போட்ட பிறகு உதறியும் போகவில்லை. துணியைப் பிழிய ஏலாது, வாளியைத் தூக்க ஏலாது. ஓகஸ்டில் அவவின் இரண்டாம் மாடியில் பாதியை நாங்கள் எடுத்தோம். செப்டெம்பர் கடைசியில் முழுவதையும் எடுத்து, "வீட்டில நில்லுங்கோ அக்கா, நாங்கள் பாக்கிறம்" என்று அனுப்பினோம்.

டொக்டரிடம் போகாததற்கு அவவிடம் வேறொரு காரணமும் இருந்தது. ஜெர்மன் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தா. அவவின் தாய் மன்னாரில். அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. பதினேழு வருடம் தாயைப் பார்க்காத மனிசி. அரசாங்கத்தின் உதவிப் பணத்தில் வாழாமல் சொந்த உழைப்பில் வாழ்கிறவருக்குத்தான் குடியுரிமை என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அந்த உதவிப் பணத்தை நாங்கள் சோசல் என்போம். தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கிற இடத்தில் ஒருவர் இந்த விதிக்கு வால் ஒன்று ஒட்டிவிட்டார்.

"கிராங்க், வருத்தக்காரர் எண்டு எழுதுவிச்சுக் காசு எடுத்தாலும் அதுவும் சோசல்தான். பைலில ஏறும். பிறகு பாஸ்போட்டை மறந்துவிட வேண்டியதுதான்."

எங்களுக்குள் சட்டம் தெரிந்தவர் என்று பெயர் எடுக்கச் சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை. சத்தமாகக் கதைத்தால் போதும். பவளம் அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டா. உண்மையைச் சொன்னால் நானும் விசாரிக்கவில்லை. பிரிங்க்மன் தன் கந்தோர்ச் சுவரில் எல்லாக் கட்டடங்களின் நோய் விடுப்பையும் ஒரு தாளில் குறித்து ஒட்டியிருப்பார். எங்கள் கட்டடத்துக்கு நேரே எப்போதும் வெறுமை. மற்றக் குழுத் தலைவிகளைக் கூட்டி வைத்து, "ரஞ்சினியைப் பாருங்கோ, அவவின்ர ஆக்களுக்கு நோயே வாறதில்லை" என்று சொல்லுவார். அப்போது எனக்குக் கால் தரையில் நிற்காது.

3. வெள்ளிக்குள்

கடிதம் வந்து பத்து நாள் வீணாகப் போனது. வேலை போனால் ஆர்பைட்ஸ்அம்ட் என்ற வேலைவாய்ப்புக் கந்தோர் இருக்கிறது, வேலையில்லாக் காசு தருவார்கள் என்ற எண்ணத்தில் பவளம் அக்கா இருந்தா. மாதத்தின் கடைசிக் கிழமை, திங்கள் காலை, எனக்கு மனம் கேட்கவில்லை. நகரில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஆலோசனை நிலையம் இருந்தது. அங்கே போய் வரிசையில் நின்று, பெயர் சொல்லாமல், "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று கதையைத் தொடங்கினேன். ஆலோசகர் நரைத்த தலைமயிருள்ள பெண். நான் முடிக்குமுன்னரே பேனாவைக் கீழே வைத்துவிட்டா.

"உங்கட சிநேகிதியால இப்ப வேலை செய்ய ஏலுமோ?"

"ஏலாது."

"ஏலாது எண்டால் ஆர்பைட்ஸ்அம்ட் அவவுக்கு ஒண்டும் தராது. அது வேலை செய்யக் கூடியவைக்குத்தான். அவவுக்குக் காசு தர வேண்டியது நோய்க் காப்புறுதி. அதுக்கு அவ வேலையில இருக்கும்போதே டொக்டர் எழுதியிருக்க வேணும். வேலை எப்ப முடியுது?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப இண்டைக்கோ நாளைக்கோ மஞ்சள் துண்டு கையில இருக்க வேணும். வேலை முடிஞ்ச பிறகு எழுதினால் பெரும் இழுபறி. அரைநேரச் சம்பளக்காரருக்குச் சேமிப்பும் இருக்காது, நேரே சோசலுக்குத்தான் போவா."

நான் பாஸ்போட் கதையைச் சொன்னேன். அவ தலையில் கை வைக்கவில்லை, ஆனால் வைக்க நினைத்தது முகத்தில் தெரிந்தது. நோய்க் காசு சோசல் இல்லை, மாதா மாதம் சம்பளத்தில் வெட்டிக் கட்டிய காப்புறுதியின் பலன், அதற்கும் குடியுரிமைக்கும் பகையில்லை என்று விளக்கினா. இன்னொன்றும் சொன்னா. வேலை இல்லாத ஆளுக்கு ஒரு துண்டின் கடைசி நாளுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது, விழுந்தால் காசும் நிற்கும், காப்புறுதியும் நிற்கும். முந்தின துண்டு முடிகிற நாளன்றே போய் அடுத்ததை எழுதுவிக்க வேண்டும்.

எந்தச் சோசலுக்குப் பயந்து அந்த மனிசி டொக்டரிடம் போகாமல் இருந்தாவோ, போகாமல் இருந்ததாலேயே அதன் வாசலில் போய் நிற்கப் போகிறா. அங்கிருந்து நேரே பவளம் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அவ நம்பவில்லை. "நீ சொல்லுறாய், அந்த வெள்ளைக்காரி சொல்லுறாள். பூசையில அவர் சொன்னது?"

"அவர் என்ன, கந்தோரிலயே வேலை செய்யிறார்? அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், நாளைக்கு விடிய என்னோட வாங்கோ."

"பைலில ஏறினால் நீ பொறுப்பெடுப்பியோ?"

"ஓம். நான் பொறுப்பு."

செவ்வாய் காலை டொக்டர் அவவின் பெருவிரலடியைத் தொட்டுப் பார்த்தார். சதை வற்றி ஒரு பள்ளம் இருந்தது. எப்போதிருந்து என்று கேட்டார். ஈஸ்டர் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, சத்திரசிகிச்சை செய்யாமல் முடியாது என்று சொல்லி மஞ்சள் துண்டை அன்றைய திகதியில் எழுதினார். முதல் கொப்பியை நோய்க் காப்புறுதிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொம்பனிக்குரிய கொப்பியைக் கந்தோர்க் கடிதப் பெட்டிக்குள் போட்டேன். வேலை முடிய மூன்று நாள் இருந்தது. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

பாத்திரம் கழுவும்போது நினைவு வந்தது. திங்கள் பின்னேரமே, மாத முடிவுக் கணக்கை மூட வேண்டும் என்று பிரிங்க்மன் அவசரப்படுத்தியதால், வெள்ளிவரைக்குமான நேரத் தாளை முன்கூட்டியே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். பவளம் அக்கா செவ்வாய் வந்தா, புதன் வந்தா, வியாழன் வந்தா, வெள்ளி வந்தா. எல்லாம் என் கையெழுத்தில்.

4. இரண்டு கடதாசிகள்

வெள்ளிக்குள் போய் பிரிங்க்மனிடம் தாளைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புதிய கொம்பனி பிரிங்க்மனையும் கட்டடத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டது, அவர் என்னையும் குழுத் தலைவியாக எடுத்துவிட்டார், ஆறு மாதத் தவணை வேலை, பிடிக்காவிட்டால் அதற்குள் நிறுத்திவிடலாம் என்று. மற்றவர்களுக்கு இடமில்லை. என் கணவருக்கு அந்த வருடம் நிரந்தர வேலை இல்லை. எங்கள் வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் நின்றது. ஒருவேளை இரண்டு கடதாசிகளையும் ஒருவரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ஜெர்மனியில் அப்படி நினைத்த முதல் ஆள் நான்தான் போல.

நவம்பர் மூன்றாம் கிழமை பவளம் அக்கா ஒரு கடிதத்தோடு வந்தா. நோய்க் காப்புறுதி எழுதியிருந்தது. செவ்வாய் முதல் வேலை செய்ய இயலாது என்று டொக்டர் சொல்கிறார், வெள்ளிவரை முழு நேரமும் வேலை செய்ததாகக் கொம்பனி சொல்கிறது, இரண்டில் எது உண்மை என்று பத்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், அதுவரை காசு நிறுத்தம். சத்திரசிகிச்சைக்கு டிசெம்பரில் நாள் குறித்திருந்தார்கள். காப்புறுதி போனால் அதுவும் போகும்.

"என்னடி பிள்ளை இது? நான் பொய் சொன்னனான் எண்டோ எழுதியிருக்கினம்?"

"இல்லை அக்கா. பொய் சொன்னது நான்."

அவவுக்கு அது விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கும் தைரியம் வரவில்லை. நான் பார்க்கிறேன் என்று கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிரிங்க்மனிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ரஞ்சினி, அந்தத் தாளில கையெழுத்து உங்கடது. நான் பாத்து ஒப்பம் வச்சனான். இப்ப அது பிழை எண்டால் எனக்கும் கரைச்சல், உங்களுக்கும் கரைச்சல்."

"அவ வரேல்லை எண்டு உங்களுக்கும் தெரியுந்தானே?"

"இரண்டாம் மாடியை ஆர் கூட்டினவை எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. நீங்களும் சொல்லேல்லை. அப்பிடித்தான் எல்லாம் ஓடினது." மேசையிலிருந்த தாள்களை அடுக்கினார். "டொக்டர் ஏதோ திகதி மாறி எழுதிப்போட்டார் எண்டு அவ சொல்லட்டும். விடுங்கோ. நீங்கள் இன்னும் தவணை வேலையில நிக்கிறியள்."

மிரட்டுகிற குரலில்லை. அதனால்தான் அதிகம் பயந்தேன்.  அந்தக் கிழமை முழுக்கக் கடிதம் வரும் நேரத்தில் ஜன்னலருகே நின்றேன். தொலைபேசியைப் பல தரம் அடிக்க விட்டுத்தான் எடுத்தேன். பத்து நாளில் ஏழு போய்விட்டது. பவளம் அக்கா ஒவ்வொரு நாளும் எடுத்து, "ஏதும் தெரியுமோ பிள்ளை?" என்று மட்டும் கேட்பா. அவ சத்தம் போட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

எட்டாம் நாள் நோய்க் காப்புறுதிக் கந்தோருக்குப் போனேன். என் மகளின் வயதுள்ள ஒரு பெண் கோப்பை எடுத்தாள்.

"இந்த நேரத் தாளை எழுதினது ஆர்?"

"நான்."

"இந்த நாலு நாளும் அவ வேலைக்கு வந்தவவோ?"

"வரேல்லை. அதுக்கு முதலும் கிழமைக் கணக்கா வரேல்லை. அவவின்ர வேலையை நாங்கள் செய்தனாங்கள். நான்தான் அப்பிடிச் செய்யச் சொன்னது."

"அவவுக்கு எப்ப தொடக்கம் வருத்தம் எண்டு உங்களுக்குத் தெரியும்?"

"ஈஸ்டருக்குப் பிறகு."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "அப்ப ஏன் அவவை டொக்டரிட்ட அனுப்பேல்லை?"

அதுவரை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். பாஸ்போட், பழக்கம், உதவி. அந்தக் கண்ணாடி அறைக்குள் அதில் எதையும் சொல்ல வாய் வரவில்லை.  அவள் ஒரு வெற்றுத் தாளைத் தள்ளினாள். இது எனக்குப் பாதகமாக முடியலாம் என்று எச்சரித்தாள். தெரியும் என்றேன். பிழையான ஜெர்மனில் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து தொங்கு ரயிலுக்குப் படி ஏறினேன்.

நான்கு நாளில் பிரிங்க்மன் சாவிக்கொத்தைக் கேட்டார். தவணைக் காலத்தில் காரணம் எழுதத் தேவையில்லை, இரண்டு வரிக் கடிதம். சொந்தப் பிழையால் வேலை போனால் வேலையில்லாக் காசை நிறுத்தி வைப்பார்கள், கடிதத்தில் காரணம் இல்லாததால் என்னுடையது மட்டும் தப்பியது. அந்த ஒரு தயவை அவர் செய்தார், அல்லது தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். என் கணவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள், "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார். அதோடு முடிந்தது.

5. ஜனவரி

பவளம் அக்காவுக்குக் காசு வந்தது, நிறுத்தி வைத்த நாட்களுக்கும் சேர்த்து. டிசெம்பரில் கையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் ஒரு நாளும் விழாமல் நானே கலண்டரில் வட்டம் போட்டுக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வருடம் குடியுரிமையும் கிடைத்தது. நோய்க் காசைப் பற்றிக் குடியுரிமைக் கந்தோரில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஜனவரியில் நடந்தது. கட்டு அவிழ்த்த பிறகு பார்க்கப் போனேன். நன்றி சொல்லுவா என்று எதிர்பார்த்துத்தான் போனேன், அதை மறைக்க மாட்டேன். அவ தோடம்பழத்தை இடது கையால் உரித்துக்கொண்டிருந்தா. வலது கையின் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. வசந்த காலத்திலேயே வந்திருந்தால் முழுதாகச் சுகமாகியிருக்கும், இனி இவ்வளவுதான் என்று சத்திரசிகிச்சை செய்தவர் சொல்லிவிட்டாராம்.

"நாங்கள் உங்களுக்கு உதவி எண்டு நினைச்சுத்தான் செய்தனாங்கள் அக்கா" என்றேன்.

அவ பழத்தைத் தட்டில் வைத்தா. "மற்றவையள் எனக்காகச் செய்தவை. அது எனக்குத் தெரியும். நீ ஃபோர்ஆர்பைட்டரின். எனக்காக எண்டால், பிழிய ஏலாமல் நிண்ட அண்டைக்கே, 'போங்கோ, எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோ' எண்டு நீ சொல்லியிருப்பாய். உன்ர கட்டடத்தில ஒரு மஞ்சள் துண்டும் விழக் கூடாது உனக்கு. அதுக்காகத்தான் என்ர மாடியையும் சேத்துக் கூட்டினனி."

கோபமில்லை அவவுக்கு. தட்டை என் பக்கம் தள்ளினா. நான் ஒரு சுளை எடுத்தேன். காப்புறுதிக் கந்தோரில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குரிய பதில் அதுதான், எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். ஏலாது என்று உடம்பு சொல்லும் அன்றே டொக்டரிடம் போங்கள், வேலை போகும் என்று தெரிந்தால் இன்னும் வேகமாகப் போங்கள். காப்புறுதியின் காசு பிச்சையில்லை. சட்டத்தைத் தேநீர் குடிக்கிற இடத்தில் கேட்காதீர்கள். குழுத் தலைமைக்கு வருகிறவர்களே, உங்கள் ஆட்களின் நோயை உங்கள் பெயருக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

அடுத்த வருடம் வேறொரு கொம்பனியில் சேர்ந்தேன். கொஞ்சக் காலத்தில் அங்கேயும் குழுத் தலைவி ஆனேன், ஓய்வு பெறும்வரை பதினொரு வருடம். யாராவது கையை உதறுவதைக் கண்டால் வாளியை வாங்கி வைத்துவிட்டு டொக்டரிடம் அனுப்பினேன், தாளில் நோய் என்று அன்றைக்கே எழுதினேன். அந்தப் பதினொரு வருடத்தில் எந்த மேலாளும் என்னை ஒரு தரமும் பாராட்டவில்லை.